பேடையின் விலாவில் பெரிய கிழிசல்: கொத்தியது கருப்பிதானா?

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 9, காலை 6.50)

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள சிறு இடத்தில் ஏழு கோழிகள் வளர்க்கிறேன். சிறிய நாட்டுக்கோழி வகையான சிறுவிடைப் பேடைகள் மூன்று, கருங்கோழி வகையான கடக்நாத் பேடைகள் இரண்டு, சேவல்கள் இரண்டு. சேவல்கள் இரண்டும் ஒன்றரை ஆண்டுக்கு முன் தெருவில் கூடையோடு வந்தவரிடம் என் மகள் அடம்பிடித்து வாங்கிய வண்ணக் குஞ்சுகள். அப்போது ஒன்று பச்சை, ஒன்று ரோஜா நிறம். சாயம் போய்ப் பல மாதங்கள் ஆகியும் இன்றுவரை பச்சை, ரோஜா என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்று காலை கூண்டைத் திறந்தபோது செம்பி என்ற சிறுவிடைப் பேடை வெளியே வரவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். தூக்கிப் பார்த்தால், வலது இறக்கைக்கு அடியில் மூன்று விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்து சதை தெரிகிறது. முதுகில் இறகு இல்லை. வாலடியில் ரத்தம் உறைந்திருக்கிறது. மூத்த கடக்நாத்தான கருப்பியின் அலகிலும் ரத்தம். எல்லோரையும் விரட்டுகிறவள் அவள்தான். மஞ்சள்தூளை அப்பி அழுத்தியிருக்கிறேன். செம்பி தண்ணீர் குடித்தாள். கருப்பியை இன்றே யாருக்காவது கொடுத்துவிடலாமா?

அம்பத்தூர் மண்சட்டி (மே 9, காலை 7.02)

கோழி குருடானாலும் குழம்பு ருசி என்பார்கள். ஞாயிறும் வருகிறது.

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 9, காலை 7.04)

இதை என் மகளும் படிக்கிறாள்.

அம்பத்தூர் மண்சட்டி (மே 9, காலை 7.05)

மன்னித்துவிடு பாப்பா.

குரோம்பேட்டை பஞ்சாரம் (மே 9, காலை 7.20)

அம்மா, கருப்பியின் கணக்கை அப்புறம் பார்க்கலாம். முதலில் செம்பியைத் தனியே எடுங்கள். சிவப்பு கண்ணில் பட்டால், ஒரு சண்டைக்கும் போகாத கோழிகூட வந்து கொத்திப் பார்க்கும். அதில் கோபம் எதுவும் இல்லை, தக்காளித் துண்டைக் கொத்துவது போலத்தான். அலகில் ரத்தம் இருப்பதால் கிழித்தது அவள்தான் என்று சொல்லிவிட முடியாது.

ஓர் அட்டைப்பெட்டியில் பழைய பருத்தித் துணியை விரியுங்கள். மரத்தூளும் வைக்கோலும் புண்ணில் ஒட்டும், வேண்டாம். வீட்டுக்குள் சற்று இருட்டான மூலை போதும், ஆனால் காற்று வர வேண்டும். அக்கினி நட்சத்திர வெயில் அடைத்த பெட்டிக்குள் கொன்றுவிடும். தூக்கும்போது இறக்கைகளைச் சேர்த்துத் துண்டால் சுற்றுங்கள், நெஞ்சை மட்டும் இறுக்காதீர்கள். கோழிக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும். மருந்து போடுகிற அவசரத்தில் இறுக்கிப் பிடித்து, பிழைக்க வேண்டிய கோழியைச் சாகவிட்டவன் நான். அது நடந்து இருபது ஆண்டுகள் ஆகியும் மறக்கவில்லை.

கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டருக்கு உப்பு 9 கிராம், அதாவது தலைதட்டி ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி இல்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவுங்கள். மஞ்சள் கட்டியாக ஒட்டியிருந்தால் ஊறவைத்து எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

கழுவியதும் காயம் எங்கெங்கே இருக்கிறது என்று எழுதுங்கள். கொண்டையிலும் முகத்திலும் ஏதாவது உண்டா? விலாவில் இருப்பது நேராகக் கிழிந்திருக்கிறதா, பிய்த்தெடுத்தது போல் இருக்கிறதா?

கால்நடை மாணவி (மே 9, காலை 8.05)

ஐயா சொன்னதோடு சில விஷயங்கள், அக்கா. நான் மூன்றாம் ஆண்டு மாணவிதான், மருத்துவர் அல்ல.

மேலோட்டமான சிராய்ப்புக்கு மஞ்சள் போட்டால் கெடுதல் இல்லை. ஆழமான கிழிசலில் போட்டால் அது உள்ளே கெட்டிப்பட்டு அழுக்காகத் தங்கிவிடும். போவிடோன் அயோடினை வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்துத் தடவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து வருவதைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு தினமும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆறிவரும் சதையையும் அது அரித்துவிடும். பெயர் ‘கெய்ன்’ என்று முடிகிற மரப்பு மருந்து கலந்த களிம்புகளையும் தொடாதீர்கள், அளவு சற்று மிஞ்சினாலும் பறவைக்கு நஞ்சு. வீட்டில் இருக்கும் வலி மாத்திரையும் கூடாது. டைக்ளோஃபினாக் போட்ட மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தையே தடை செய்தார்கள்.

குடித்த தண்ணீரோ தின்ற தீனியோ காயத்தின் வழியே வந்தால் இரைப்பை கிழிந்திருக்கிறது என்று பொருள். அப்படி வந்தாலோ, எலும்பு தெரிந்தாலோ, கண்ணில் அடிபட்டிருந்தாலோ காத்திருக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். நாய், பூனை வரிசைக்கு நடுவே ஒரு கோழியோடு நிற்க வெட்கப்படாதீர்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி அது, கோழி அவர்களுக்குப் புதிதல்ல.

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 9, காலை 9.40)

கழுவிவிட்டேன். கொண்டை, தாடி, முகம் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன. வலது விலாவில் ஒரே நேர்க் கிழிசல், பிளேடால் கீறியது போல. இடது விலாவிலும் அதே உயரத்தில் ஒரு சிறு கீறல் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். முதுகில் இறகுகள் பிடுங்கப்படவில்லை, நடுவில் ஒடிந்து குச்சி குச்சியாக நிற்கின்றன. வாலடியில் மட்டும் புள்ளி புள்ளியாகக் கொத்திய தடம். தண்ணீர் கசியவில்லை.

குரோம்பேட்டை பஞ்சாரம் (மே 9, காலை 10.15)

அப்படியானால் கருப்பியை விட்டுவிடுங்கள் அம்மா.

பேடைக்கும் பேடைக்கும் சண்டை என்றால் காயம் கொண்டையிலும் பிடரியிலும் இருக்கும். அவை எதிரெதிரே நின்று தலையில்தான் கொத்திக்கொள்ளும். முட்டையிடும் இடம் பிதுங்கி வெளியே தெரிந்து அதைக் கொத்தினால் புண் பின்பக்கத் துளையைச் சுற்றி இருக்கும். தீனியில் சத்துக் குறைந்து இறகைத் தின்னத் தொடங்கினால் முதுகின் அடியும் வாலும் மொட்டையாகும். செம்பிக்கு இருப்பது மிதித்த காயம். சேவல் முதுகில் ஏறிப் பிடிமானம் இல்லாமல் வழுக்கும்போது கால்முள் விலாவைக் கீறும். அதனால்தான் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கீறல், அதனால்தான் முதுகு இறகு ஒடிந்திருக்கிறது. ரத்தம் வந்த பிறகு கருப்பியும் மற்றவையும் கொத்தியதுதான் அந்தப் புள்ளிகள்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது. சேவல் மிதித்துப் பேடை சாகும், நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேடைக்கு இரண்டு சேவல் என்பது உங்கள் கூண்டில் எழுதி ஒட்டிய சண்டை. எட்டுப் பத்துப் பேடைக்கு ஒன்று இருந்தால் போதும். சேவல்களின் முள் எவ்வளவு நீளம்?

ஊரப்பாக்கம் பெருவிடை (மே 9, காலை 11.00)

பஞ்சாரம் ஐயா அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். காயம் காலையில்தான் கண்ணில் பட்டிருக்கிறது. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. கட்டையில் ஏறி உட்கார்ந்தபின் மிதிக்கவும் மிதிக்காது, கொத்தவும் கொத்தாது. இரவில் வந்த காயம் என்றால் வெளியாள் வேலை. சென்னையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெருச்சாளியை. என் பெருவிடைப் பேடை ஒன்றின் தொடையைத் தூக்கத்திலேயே கடித்துவிட்டது. ஒரு வாரம் சேவலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

குரோம்பேட்டை பஞ்சாரம் (மே 9, காலை 11.20)

நியாயமான கேள்வி. அம்மா, கூண்டின் அடியில் வளை, தோண்டிய மண், கடித்த கட்டை எதுவும் தெரிகிறதா? நேற்று மாலை செம்பியைப் பார்த்தவர் யார்?

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 9, மதியம் 1.30)

வளை இல்லை, கூண்டின் தரை சிமென்ட். வலையும் சரியாக இருக்கிறது. நேற்று மாலை அடைத்தது என் மகள். அதற்குச் சற்று முன் பச்சை செம்பியைச் செங்கல் குவியலுக்குள் விரட்டிப் பிடித்ததாகவும், அவள் கத்தியதாகவும், அதற்குள் இருட்டிவிட்டதாகவும் இப்போதுதான் சொல்கிறாள். திட்டுவேன் என்று பயந்திருக்கிறாள். பச்சையின் முள் என் கட்டைவிரல் முதல் கணு அளவு நீளம், நுனி கூர்மை. ரோஜாவுக்கு அதில் பாதி.

ஊரப்பாக்கம் பெருவிடை (மே 9, மதியம் 1.45)

பெருச்சாளி விடுதலை. செங்கல் குவியல் எப்போது வந்தது?

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 9, மதியம் 2.00)

மாடி கட்ட ஏப்ரலில் இறக்கினோம். கோழிகள் திரிந்த இடத்தில் பாதி போய்விட்டது.

குரோம்பேட்டை பஞ்சாரம் (மே 9, மாலை 5.30)

அதுதான் மூலம். இவ்வளவு நாளும் பேடைகள் ஓடித் தப்பின, இப்போது முட்டுச்சந்து. ஒரு கோழிக்குக் கூண்டுக்குள் 4 சதுர அடி, வெளியே 8 முதல் 10 சதுர அடி என்பார்கள். அளந்து பாருங்கள். அளவைவிட முக்கியம், ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியேற வழி இருக்க வேண்டும். இரண்டு சேவலையும் இன்றே பேடைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். முள்ளின் நுனியை அரத்தால் மழுக்குங்கள். அடியோடு வெட்டாதீர்கள், உள்ளே எலும்பு இருக்கிறது, ரத்தம் நிற்காது. சுட்ட உருளைக்கிழங்கை முள்ளில் குத்தி வைத்தால் அதன் மேலோடு கழன்றுவிடும் என்று ஒரு வித்தை உலவுகிறது. சேவலின் காலைச் சுடுவதற்கு அவ்வளவு ஆசை இருந்தால் செய்யலாம்.

முடிச்சூர் அக்கா (மே 9, இரவு 9.15)

தாமதமாக வருகிறேன். இடம் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை எனக்கு 2023 டிசம்பர் காட்டியது. மிக்ஜாம் புயலில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். பதினோரு கோழிகளை மாடிக் குளியலறையில் அடைத்தேன். நான்கு நாள் மின்சாரம் இல்லை. இருந்த தீனியும் நனைந்துவிட்டது, பழைய சோறுதான் போட்டேன். மூன்றாம் நாள் ஓர் இளம் பேடை முதல் முட்டை இட்டபோது பின்பக்கம் கொஞ்சம் பிதுங்கியது. அது தானே உள்ளே போக ஒரு சில நிமிடம் ஆகும், அதற்கு மறைவான இடம் வேண்டும். அந்தக் குளியலறையில் மறைவு ஏது? நான் மெழுகுவர்த்தி எடுத்து வருவதற்குள் மற்றவை குடலை இழுத்துவிட்டன. பிழைக்கவில்லை.

அதே நாளில் இன்னொன்றுக்கு வாலடியில் சின்னப் புண். அதைக் காப்பாற்றியது வீட்டில் குழந்தையின் வாய்ப்புண்ணுக்கு எப்போதோ வாங்கி வைத்திருந்த ஊதா மருந்து. மருந்தின் குணத்தைவிட நிறம்தான் உதவியது, சிவப்பு மறைந்ததும் யாரும் கொத்தவில்லை. அந்தக் கோழி சங்கராந்திவரை ஊதா வாலோடு திரிந்தது.

ஈயைக் கவனியுங்கள். இந்த வெயிலில் காலையில் ஈ முட்டை வைத்தால் மறுநாள் புழு நெளியும். பெட்டி மேல் கொசுவலை போடுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள இறகில் வேப்பெண்ணெய் தடவலாம், புண்ணுக்குள் வேண்டாம். இறகை விலக்கிக் காலை மாலை முகர்ந்து பாருங்கள். கண்ணுக்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

கால்நடை மாணவி (மே 9, இரவு 9.50)

ஊதா மருந்து பற்றி ஒரு வார்த்தை, அக்கா. ஜென்ஷியன் வயலெட் உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்கு ஏற்றதல்ல என்று பல நாடுகள் ஒதுக்கிவிட்டன. முட்டையைச் சாப்பிடப் போகிறோம் என்றால் தவிர்ப்பது நல்லது. காய்ந்த அயோடின் பழுப்பு நிறமே சிவப்பை ஓரளவு மறைக்கும்.

முடிச்சூர் அக்கா (மே 9, இரவு 10.05)

வெள்ளத்தில் கையில் கிடைத்ததைத்தான் போட முடிந்தது, தங்கையே. ஆனால் சொன்னது சரி.

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 11, காலை 6.30)

அவசரம்! செம்பியின் காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறியிருக்கிறது. தொடை வரை பரவியிருக்கிறது. அழுகிவிட்டதா? நாற்றம் இல்லை. நேற்று கம்பு தின்றாள். கிழிசலின் ஓரத்தில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போல் கொஞ்சம் இருக்கிறது.

கால்நடை மாணவி (மே 11, காலை 6.55)

பயப்படாதீர்கள் அக்கா, அது கன்றிப்போன இடம். நமக்கு அடிபட்டால் ஊதா, பிறகு பச்சை, பிறகு மஞ்சள் ஆகும். ரத்தம் சிதையும்போது வரும் பச்சை நிறமியை மஞ்சளாக மாற்றுகிற நொதி கோழிக்கு இல்லை. அதனால் இரண்டு மூன்று நாளில் பச்சையாகி, பச்சையாகவே இருந்து மறையும். அழுகல் என்றால் நாற்றம், கருமை, குளிர்ச்சி, சாப்பாட்டில் வெறுப்பு இருக்கும்.

அந்த மஞ்சள் கட்டிதான் கவனிக்க வேண்டியது. கோழிக்குச் சீழ் நீராக வடியாது, கட்டியாகத்தான் சேரும். பிதுக்கினால் வராது. இன்று ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நீங்களே மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். எது கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோலிஸ்டின் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். உணவுக்கான கால்நடைகளுக்கு 2019இலேயே தடை செய்யப்பட்டது.

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 11, மாலை 6.10)

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனையில் “கோழியெல்லாம் பார்ப்பதில்லை” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். வேப்பேரிக்கு ஆட்டோவில் போனோம். கட்டியை எடுத்துக் கழுவி, தையல் வேண்டாம், நாள் கடந்த காயம், திறந்தே ஆறட்டும் என்றார்கள். ஐந்து நாள் மருந்து. மகள் வரிசையில் இருந்த லாப்ரடார்களுக்கெல்லாம் செம்பியை அறிமுகப்படுத்தினாள்.

முடிச்சூர் அக்கா (மே 11, இரவு 8.20)

நல்லது. இனி ஒன்றை யோசியுங்கள். எத்தனை நாள் தனியே வைக்கப் போகிறீர்கள்? இரண்டு வாரம் கண்ணில் படாமல் இருந்தால் திரும்பிப் போகும்போது அவள் புதுக் கோழி. புண் ஆறிய இடத்திலேயே மறுபடி கொத்து விழும். தெம்பு வந்ததும் பகலில் கம்பி வலைக்கு அப்பால், மற்றவை பார்க்கும்படி வையுங்கள். வலையின் இருபக்கமும் தீனித் தட்டு இருக்கட்டும், பக்கத்தில் நின்று தின்று பழகட்டும்.

ஊரப்பாக்கம் பெருவிடை (மே 11, இரவு 8.45)

நான் இரவில் கட்டையில் ஏற்றிவிடுவேன். காலையில் எழுந்தால் ஒன்றாகத்தான் இருந்தோம் என்று நினைத்துக்கொள்ளும்.

முடிச்சூர் அக்கா (மே 11, இரவு 8.50)

உங்கள் கோழிகள் அப்பாவிகள். என் கோழிகள் காலை 5.30க்கு வருகைப் பதிவு எடுக்கின்றன.

குரோம்பேட்டை பஞ்சாரம் (மே 11, இரவு 9.30)

வருகைப் பதிவு என்பது உண்மைதான். நார்வேயில் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்து வைத்தார். 1921இல் அதையே ஆய்வாகத் தந்தார். கொத்துவதில் வரிசை உண்டு, அந்த வரிசை நிலையாக இருக்கும்வரை ரத்தம் வராது என்பது அதன் சாரம். நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான், அவர்கள் எழுதி வைக்கவில்லை. செம்பி வருகிற அன்று கருப்பியை நான்கைந்து நாள் வெளியே எடுத்து வையுங்கள். முதலிடக்காரி திரும்பி வரும்போது அவளே கொஞ்சம் தயங்கி நிற்பாள்.

தீனி என்ன போடுகிறீர்கள்?

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 11, இரவு 9.40)

சோறு, கம்பு, காய்கறித் தோல்.

குரோம்பேட்டை பஞ்சாரம் (மே 11, இரவு 9.45)

புரதம் போதாது. 16 சதவீதப் புரதம் உள்ள முட்டைக்கோழித் தீவனம் பாதியாவது சேருங்கள். முருங்கைக்கீரைக் கட்டைத் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள், எட்டி எட்டிக் கொத்துவதில் பொழுது போகும். தண்ணீர் இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்றே இருந்தால் மே மாதத்தில் அதன் முன்னால்தான் யுத்தம்.

மடிப்பாக்கம் பின்கட்டு (மே 27, காலை 7.30)

விலாவில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் மூடிவிட்டது. முதுகில் குருத்து இறகுகள் வருகின்றன. அவற்றை மற்றொரு கடக்நாத் கொத்தப் பார்க்கிறது. பழைய வேட்டித் துண்டில் இறக்கைக்கு இரண்டு வளையம் வைத்து முதுகுச் சட்டை தைத்துப் போட்டேன். ஜீன்ஸ் துணி முதலில் முயன்றேன், வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள்.

கால்நடை மாணவி (மே 27, காலை 8.10)

குருத்து இறகுக்குள் ரத்தம் ஓடும் அக்கா, ஒடிந்தால் மறுபடி முதலிலிருந்து. சட்டை சரிதான். இரண்டு நாளைக்கு ஒருமுறை கழற்றி அடியில் பேன் இருக்கிறதா என்று பாருங்கள்.

மடிப்பாக்கம் பின்கட்டு (ஜூன் 14, மாலை 6.00)

செம்பி கூட்டத்தில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. வலை வைத்துப் பழக்கியது உதவியது. முதல் நாள் கடக்நாத் இரண்டு தடவை கொத்தியது, செம்பி குனிந்து விலகினாள், அவ்வளவுதான். கருப்பி திரும்பி வந்து அரைமணி நேரம் எல்லோரையும் சுற்றி நடந்து பார்த்தாள், யாரையும் தொடவில்லை. அவள்மேல் பழி போட்டதற்காக என் மகள் அவளுக்கு ஒரு கிண்ணம் தயிர் வைத்தாள். செங்கல்லை முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டோம், கூலி 1,200 ரூபாய். ரோஜாவின் முள்ளை மழுக்கித் திரும்ப விட்டிருக்கிறோம். நேற்று செம்பி முட்டையிட்டாள், மருந்துக் கணக்கு முடிந்த பிறகு.

அம்பத்தூர் மண்சட்டி (ஜூன் 14, மாலை 6.20)

பச்சை எங்கே? கேட்கத்தான் கேட்கிறேன்.

மடிப்பாக்கம் பின்கட்டு (ஜூன் 14, மாலை 6.25)

வாலாஜாபாத் பக்கம் என் மாமனார் தோட்டத்தில், பதினாலு பேடைகளோடு. அங்கிருந்த சேவலை நாய் பிடித்துவிட்டதாம், அவரே வந்து பஸ்ஸில் எடுத்துப் போனார். தாம்பரம் தாண்டும்வரை கூவிக்கொண்டே போனதாகச் சொன்னார்.